பராமரிப்பாளர் பிரதிநிதி

ஹட்டன்
12.02.2006

அன்புத் தங்கை வடிவுக்கு,

அண்ணன் செல்லசாமி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நீயும் மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். டயகமப் பக்கம் பனி கொட்டுகிறது என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

ஒரு நல்ல செய்தி. மனநல வைத்தியத்தை எப்படி நடத்துவது என்பதை இனிமேல் டொக்டர்மார் மட்டும் தீர்மானிக்கக் கூடாதாம். நோயாளிகளையும் அவர்களைப் பராமரிக்கிறவர்களையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டுமாம். அதற்காக நம் மலைநாட்டுக்கு ஓர் ஆலோசனைக் குழு அமைத்திருக்கிறார்கள். எங்கள் துணிக்கடை முதலாளிக்கு வந்த அழைப்பை வாங்கிக்கொண்டு நான் போனேன். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த வருத்தம், அதாவது மனநோய், உண்டா?" என்று கேட்டார்கள். தங்கைக்கு உண்டு என்றேன். அவ்வளவுதான், என்னைப் பராமரிப்பாளர் பிரதிநிதியாகத் தெரிவு செய்துவிட்டார்கள்.

கூட்டம் ஹோட்டலில் நடந்தது. கழுத்தில் பெயர் அட்டை, மதியம் கோழிக்கறிச் சாப்பாடு. மதுரா மிஸ் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர், சமூக சேவை உத்தியோகத்தர், எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறார். நோயாளிகளுக்கென்று இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. வந்துதான் என்ன பேசப் போகிறார்கள்? அவற்றில் நாங்கள் பைகளை வைத்துக்கொண்டோம்.

உனக்குக் குறை ஏதும் இருந்தால் எழுது. சபையில் எடுத்துச் சொல்கிறேன். மீனம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்பு அண்ணன்,
பெ. செல்லசாமி


டயகம
03.03.2006

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வடிவு எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பது வழக்கம் என்பதால் கேட்கிறேன். கோழிக்கறி சாப்பிட்டவருக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

'பராமரிப்பாளர்' என்ற சொல்லை மீனம்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்படின்னா என்ன புள்ள?" என்றார்.

"சீக்காளிய கூடவே இருந்து பாத்துக்கிறவங்க" என்றேன்.

"ஒங்கண்ணன் எப்ப வந்து பாத்தாரு?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்குப் போய்விட்டார்.

அவர் நமக்குச் சொந்தமில்லை. லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராக்காரி. மாதா மாதம் என்னோடு கிளினிக்குக்கு வருகிறவரும், வருத்தம் கூடினால் தன் காம்பராவில் என்னைப் படுக்கவைத்துக் கஞ்சி தருகிறவரும் அவர்தான். ஹட்டனிலிருந்து இங்கே பஸ் ஓடுகிறது அண்ணே. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

குறை கேட்டீர்கள். கிளினிக் வேலை நாளில் வருகிறது. போனால் அன்றைய பேர் போய்விடும், சம்பளத்தில் ஒரு நாள் குறையும். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் என்ன? அங்கே போனாலும் டொக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆசுபத்திரி வாட்டைக் கூட்டுகிற ஆளைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்கிறார். என் தலைக்குள் நடப்பதை எல்லாம் நான் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தால், அந்த ஆள் சிங்களத்தில் "ஹொந்தாய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். நல்லாயிருக்கிறாளாம்! இந்த மாத்திரை கையை நடுங்க வைக்கிறது என்பதையும் நான் இதுவரை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நடுங்குகிற கைக்குக் கொழுந்து சிக்குவதில்லை. நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் போடுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் இருக்கும் உங்கள் பையை எடுத்துவிட்டு, அடுத்த கூட்டம் எப்போது என்று எழுதுங்கள். நானே வருகிறேன். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள்தான், நாற்காலியில் உட்காரத் தெரியும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை,
சண்முகவடிவு


ஹட்டன்
27.03.2006

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் அனைவரும் நலம். உன் நலத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தத் தாளின் தலைப்பைப் பார்த்தாயா? 'பெ. செல்லசாமி, பராமரிப்பாளர் பிரதிநிதி, மனநல சமூக சேவையாளர்.' அச்சகத்தில் கொடுத்து அடித்தது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கீழே இருக்கிறது.

உன் குறைகளைச் சபையில் வைத்தேன். நீ எழுதிய மாதிரியே சொன்னால் கேட்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று கொஞ்சம் செப்பனிட்டேன். வேலை நாள் கெடுகிறது என்பதுதானே உன் முக்கியமான குறை? அதற்கு நானே ஒரு வழி சொன்னேன். மாத்திரைகளைத் தோட்டத்துக்கே அனுப்பிவிட வேண்டியது. தினமும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு பெயர் கூப்பிட்டு, தன் கண் முன்னால் விழுங்க வைக்க வேண்டியது. நாளும் கெடாது, யாரும் துப்பவும் முடியாது. டொக்டர் எழுந்து வந்து, "இதுதான் பராமரிக்கிறவர்களின் அனுபவ அறிவு" என்று கைகொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மொழி விஷயத்தை எடுக்கவில்லை. காலம் சரியில்லை, வடக்கில் திரும்பவும் சண்டை மூளும் போலிருக்கிறது, நமக்கு எதற்கு வம்பு? கை நடுக்கம் டொக்டர்மார் விஷயம். அதில் நாம் தலையிடக் கூடாது.

நீ கூட்டத்துக்கு வருவது சரிவராது. பெரிய ஆட்கள் வருகிற இடம். உனக்கு அங்கே படபடப்பு வந்தால் யார் பார்ப்பது? உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
பெ. செல்லசாமி


டயகம
15.04.2006

அண்ணனுக்கு,

சுகம். நேற்றுப் புத்தாண்டுக்கு மீனம்மா அக்கா பலகாரம் தந்தார். உங்கள் வீட்டிலும் செய்திருப்பீர்கள்.

உங்கள் பெயரே தாளில் பாதியைத் தின்றுவிட்டதால், மற்றப் பாதியை வாசித்தேன்.

பெரட்டில் நீங்கள் கடைசியாக நின்றது எப்போது? விடிந்தும் விடியாமல் தோட்டமே வந்து கூடுகிற இடம் அது. பேர் கொடுத்து, எந்த மலைக்கு எந்த கேங் என்று பிரிப்பார்கள். அங்கே ஒருத்தியைக் கண்டாக்கு அதட்டினால், மத்தியானச் சோற்றுக்கு முன் அது எல்லா லயத்துக்கும் தெரிந்துவிடும். எனக்கு வருத்தம் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார்கள், கல்யாணத்தில் பந்தி பரிமாறக் கூப்பிடுகிறார்கள். அந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இங்கே இல்லை. அதை ஒரு காலையில் வாயைப் பிளந்து காட்டித் தொலைத்துவிட்டு வா என்கிறீர்கள்.

நான் கேட்டது ஞாயிற்றுக்கிழமை கிளினிக். அதற்கு ஒரு நாளும் கெடாது. ஆனால் அதற்குக் கைதட்டல் கிடைத்திருக்காது, இல்லையா?

என் வார்த்தைகளை நீங்கள் செப்பனிட வேண்டாம். அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டத்தின் திகதியை எழுதுங்கள். இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்.

தங்கை,
சண்முகவடிவு


ஹட்டன்
09.05.2006

அன்புத் தங்கைக்கு,

நலம். வேலை நெருக்கடியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

சபை முடிவெடுத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. பரீட்சார்த்தமாக முதலில் ஒரு தோட்டத்தில் தொடங்குகிறார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டபோது உங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதே நான்தான். பலன் முதலில் உனக்குக் கிடைக்கட்டும் என்றுதான். நீயானால் குத்திக் காட்டி எழுதுகிறாய். வருத்தம்தான் உன்னை அப்படி எழுத வைக்கிறது என்று பொறுத்துக்கொள்கிறேன்.

பத்திரிகையில் எங்கள் படம் வந்திருக்கிறது. வெட்டி அனுப்புகிறேன். இடமிருந்து மூன்றாவது நான். 'நோயாளிகளின் குரலுக்கு மதிப்பு' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள்.

என் பெயரைக் கெடுக்காமல் ஒத்துழைத்து நடந்துகொள்.

அண்ணன்,
பெ. செல்லசாமி


ஹட்டன்
28.06.2006

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டு நெடுநாளாகிறது. நீ நலம் என்றே எண்ணுகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது, சின்னவனுக்குச் சளி. மற்றபடி குறையில்லை.

திட்டம் எப்படி நடக்கிறது என்று குழுவில் கேட்டார்கள். நோயாளிகள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்திருக்கிறேன். நீயும் நன்றி தெரிவித்து இரண்டு வரி எழுதி அனுப்பு. உன் பெயரைப் போட வேண்டாம், 'ஒரு பயனாளி' என்று போட்டால் போதும். சபையில் வாசித்துக் காட்டுவேன்.

பதிலை எதிர்பார்க்கும் அண்ணன்,
பெ. செல்லசாமி


டயகம
16.07.2006

செல்லசாமி தம்பிக்கு,

மீனம்மா எழுதுறது. நல்லா இருப்பீங்க. என் எழுத்து கோணலா இருக்கும், கூட்டி வாசிச்சுக்குங்க.

வடிவு ஆசுபத்திரியில இருக்கு. இப்ப தேவலாம். சோறு சாப்புடுது, பேசுது. ஒங்க கடைசிக் கடுதாசிய நான்தான் வாங்கி வச்சிருக்கேன். நன்றி எழுதச் சொன்னதயும் வாசிச்சேன்.

நடந்தது என்னான்னா, மே மாசக் கடைசியில ஒரு நா பெரட்டுல கண்டாக்கையா ஒரு டப்பாவ வச்சுக்கிட்டு, "மாத்திர கேஸுங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!"ன்னு சத்தம் போட்டாரு. யாரும் போகல. ஒடனே பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. வடிவு, வீரய்யா, இன்னும் ரெண்டு பேரு. தோட்டமே பாத்துக்கிட்டு நிக்குது. "வாயத் தொற. முழுங்கு. நாக்கத் தூக்கு பாப்போம்"ங்கிறாரு. பின்னாலருந்து ஒருத்தன், "எனக்கும் ஒண்ணு குடுங்கையா, வீட்டுக்காரி தொல்ல தாங்கல"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். என்ன செய்யறதுன்னு தெரியல.

தெனமும் அதே கதைதான். புள்ளைங்க கூட "மாத்திர கேங் போகுது"ன்னு கத்துச்சுங்க. கணக்கு படிக்க வந்த புள்ளைங்களயும் தாய்மாரு நிப்பாட்டிட்டாங்க. வடிவு மாத்திரய முழுங்குற மாதிரி காட்டி, மலைக்குப் போயி துப்பியிருக்கு. எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள்ல பழயபடி தூக்கம் போச்சு, தனியா பேச ஆரம்பிச்சிருச்சு. ஒரு நா அடமழயில மலையவுட்டு எறங்க மாட்டேன்னு நின்னுக்கிச்சு. நாங்க நாலு பொம்பளைங்க சேந்து கூட்டியாந்தோம்.

வீரய்யாவ இன்னமும் காணோம். வேலயும் வேணாம், மாத்திரயும் வேணாம்னு போனவன்தான். வட்டகொடை ஸ்டேஷன்ல கொழும்பு ரயில்ல ஏறுனத ஆரோ பாத்தாங்களாம். எங்க பாத்தாலும் செக்கிங் நடக்குற இந்தக் காலத்துல அடையாள அட்டையும் எடுக்காம போயிருக்கான். அவன் ஆத்தா லெட்சுமி வாராவாரம் ஸ்டேஷனுக்குப் போயி கேட்டுக்கிட்டு வருது.

நீங்க வரணும்னு அவசரமில்ல. ஆசுபத்திரியில சொந்தக்காரங்க கையெழுத்து கேட்டாங்க. அக்கான்னு சொல்லி நானே போட்டுட்டேன்.

மீனம்மா


ஹட்டன்
05.08.2006

அன்புத் தங்கைக்கு,

மீனம்மாவின் கடிதம் பார்த்து மிகவும் மனம் வருந்தினேன். இத்துடன் பிஸ்கட்டும் மால்ட் மாவும் அனுப்புகிறேன். பசித்த நேரம் கரைத்துக் குடி.

மாத்திரையை விழுங்கியிருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? கண்டாக்கு இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதை வற்புறுத்தப் போகிறேன்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து மேலதிகாரிகள் வருகிறார்கள். இந்தத் திட்டத்தை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம், என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நீ படுத்த கதையையும் வீரய்யா கதையையும் ஆசுபத்திரியில் யாரிடமும் பெரிதுபடுத்த வேண்டாம். நீ என் தங்கை என்பதையும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். கூட்டம் முடிந்ததும் கட்டாயம் வந்து பார்க்கிறேன்.

விரைவில் குணமடைய வேண்டிக்கொள்ளும் அண்ணன்,
பெ. செல்லசாமி


ஹட்டன்
02.10.2006

அன்புத் தங்கை வடிவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நேரில் பார்த்துவிட்ட பிறகும் கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் மெலிந்திருக்கிறாய். உன் நீலச் சேலை நன்றாக இருந்தது.

செப்டம்பர் கூட்டத்துக்கு நீ மீனம்மாவோடு அந்த மண்டபத்துக்குள் வந்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு வார்த்தை முன்கூட்டி எழுதியிருக்கலாம். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாய். பெயரைச் சொன்னாய், தோட்டத்தைச் சொன்னாய். ஆனால் கடைசி வரை என் தங்கை என்று வாய் திறக்கவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கியிருப்பாள். என்ன கோபம் இருந்தாலும் கூடப்பிறந்தவனை நீ விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன், நம்பு.

நான் அங்கே பேசியதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளாதே. சபையில் சில விஷயங்களைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது உன்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள் அல்லவா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் நாம் இருவரும் கலந்து பேசி, ஒன்றையே சொன்னால் நல்லது. என்ன பேச வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வா. அண்ணியும் கேட்டாள்.

என்றும் உன் அண்ணன்,
செல்லசாமி


டயகம
22.10.2006

அண்ணனுக்கு,

நானும் மீனம்மா அக்காவும் சுகம். தீபாவளி நேற்று முடிந்தது. இங்கேதான் இருந்தேன். இந்த முறை தாளில் தலைப்பு இல்லை, பார்த்தேன். அச்சடித்தது தீர்ந்துவிட்டதா?

மெலிந்துவிட்டேன் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆசுபத்திரியில் கிடந்து வந்தவள் மெலியத்தான் செய்வாள். அங்கே யார் வந்து பார்த்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மதுரா மிஸ் வந்தார். வேறு யாரையோ பார்க்க வந்தவர், என் கட்டிலில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன நடந்ததெண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். பெரட்டு, டப்பா, வீரய்யா எல்லாம். உங்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிறகு, "இதை நான் போய்ச் சொன்னால் என்ர கதையாப் போயிடும். நீங்கள் வாங்கோ" என்றார். நான் உங்களிடம் இரண்டு முறை கேட்டும் கிடைக்காத திகதி அப்படித்தான் கிடைத்தது.

எனக்குப் பயமாக இல்லை என்று நினைக்காதீர்கள். படியேறும்போது திரும்பிப் போய்விடலாம் என்று மீனம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வந்தாச்சு, ஒக்காந்துட்டுப் போவோம். சோறாவது போடுவாங்க" என்றார். உட்கார்ந்தோம். நீங்கள் எழுந்து பேச ஆரம்பித்தீர்கள்.

கொழும்பு ஆட்கள் முன்னால் நீங்கள் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஹட்டனில் உங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு தங்கையை வைத்துப் பார்க்கிறீர்களாம். "என் தங்கச்சி வாயே தொறக்க மாட்டாங்கையா. சோறு கூட நான்தான் ஊட்டி விடணும். அவளுக்காக நான்தான் பேசணும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தீர்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் உங்களுக்குக் கைக்குட்டை கொடுத்தார். மீனம்மா அக்கா என் காதில், "ஒங்கண்ணனுக்கு இன்னொரு தங்கச்சி இருக்கா புள்ள?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்தப் பெண்ணின் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

பிறகு மதுரா மிஸ் என் பக்கம் கையைக் காட்டினார். தண்ணீர்க் கிளாஸை எடுத்தேன், கை நடுங்கி மேசையெல்லாம் தண்ணீர். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். படபடப்பு வந்துவிட்டது, இனி இவள் பேச மாட்டாள் என்று நினைத்திருப்பீர்கள்.

"ஐயா, நீங்க பிரஷருக்கு மாத்திர போடுறீங்களா?" என்று டொக்டரைக் கேட்டேன். மதுரா மிஸ் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். டொக்டர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"அப்ப நாளைக்குக் காலையில ஆசுபத்திரி வாசல்ல, எல்லாரும் பாக்க, ஒங்க வாட்டு கூட்டுற ஆளு ஒங்க பேரக் கூப்புட்டு, வாயத் தொறன்னு சொல்லட்டும். முழுங்கிட்டு நாக்கத் தூக்கிக் காட்டுங்க. எங்க தோட்டத்துல நாங்க நாலு பேரு அதத்தான் செஞ்சோம். நான் ஆசுபத்திரிக்கு வந்தேன். வீரய்யா எங்க போனான்னே தெரியல."

டொக்டர் பேனாவை மூடினார், பிறகு திறந்தார். கொழும்பிலிருந்து வந்தவர், "பெரட்டில் கொடுக்கலாம் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். டொக்டர், "பராமரிப்பவர்களின் ஆலோசனை" என்றார். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் எழுந்து, "இந்தத் தாய் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம், ஒடனே நிப்பாட்டணும்" என்றீர்கள். நிறுத்துவதற்கு முதலில் கை தூக்கியவரும் நீங்கள்தான்! கூடப்பிறந்தவளைத் தாய் என்று கூப்பிட உங்களால்தான் முடியும். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

பெரட்டு மாத்திரை நின்றுவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே பக்கத்தில் அக்கரப்பத்தனையில் கிளினிக் நடத்திப் பார்க்கிறார்களாம், தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் வருவாராம். என் கையைப் பார்த்துவிட்டு டொக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். கணக்குப் படிக்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்திருக்கிறாள். வீரய்யாவின் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும் என்று கேட்டேன். மதுரா மிஸ் எழுதினார், எழுதியதை எனக்குக் காட்டினார். அவன் வரவில்லை. லெட்சுமி அக்கா இன்னமும் வட்டகொடைக்குப் போய் வெறுங்கையோடு வருகிறார்.

இப்போது, நீங்கள் வீட்டுக்குப் போய் அழுத விஷயத்துக்கு வருகிறேன். கூடப்பிறந்தவனை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மானம் அன்றைக்கு என் நினைப்பிலேயே இல்லை அண்ணே. நான் உங்கள் தங்கை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டொக்டர் என்னை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பி, "இவர் சொல்வது சரியா?" என்று கேட்டிருப்பார். நீங்கள் அதைச் செப்பனிட்டுக் கொடுத்திருப்பீர்கள். யாருடைய தங்கையும் இல்லை என்று உட்கார்ந்திருந்ததால்தான் நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதினார்கள். அடுத்த கூட்டத்துக்கும் அப்படித்தான் வருவேன். எனக்கு எதுவும் எழுதித் தர வேண்டாம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். உங்கள் பின்னறையில் இருக்கும் அந்தத் தங்கையையும் நான் சுகம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பாவம், அவளுக்கும் பேச ஏதாவது இருக்கும்.

இப்படிக்கு,
சண்முகவடிவு